சொன்னது ஒன்று, நினைத்தது ஒன்று: கணினிக்குப் பேச்சைப் புரியவைத்த முதல் ஆய்வுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்தால் முதலில் இயந்திரம்தான் பேசுகிறது. இணையப்பக்கங்களில் ஓரமாக ஒரு சின்னப் பெட்டி திறந்து, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கிறது. பிள்ளைகள் வீட்டுப்பாடச் சந்தேகத்தைச் சாட்ஜிபிடியிடம் கேட்டுக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் இதெல்லாம் அன்றாடமாகிவிட்டது. ஆனால் இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று தமிழில் படிக்கப் போனால் கிடைப்பது கொஞ்சம்தான். இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மாணவர்களும் பெற்றோர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். 1950 முதல் 1990 வரையிலான நாற்பது ஆண்டுகள்தான் விஷயம். அதிலும் டொராண்டோவில் நடந்த வேலைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் துறையின் மிக அழகான யோசனை அங்கேதான் உருவானது என்பது என் கருத்து.

கணினிக்கு மொழி புரிய வேண்டும் என்ற எண்ணம் முதலில் யாருக்கு, எதற்காக வந்தது?

மொழிபெயர்ப்புக்காக. பனிப்போர் காலம் அது. ரஷ்ய ஆவணங்களை வேகமாக ஆங்கிலத்தில் படிக்க அமெரிக்காவுக்கு அவசரம். 1954 ஜனவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து நியூயார்க்கில் ஒரு செயல்விளக்கம் காட்டின. 250 சொற்கள், 6 இலக்கண விதிகள், முன்கூட்டியே தேர்ந்தெடுத்த அறுபதுக்கு மேற்பட்ட வாக்கியங்கள். எல்லாம் சரியாக வந்தன. சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்பு வேலையே தீர்ந்துவிடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டினார்கள்.

தீரவில்லை. 1960இல் யெஹோஷுவா பார்-ஹில்லெல் என்ற ஆய்வாளர் ஒரு சின்ன வாக்கியத்தைக் காட்டி, ஏன் தீராது என்று விளக்கினார். ஒரு சிறுவன் தன் விளையாட்டுப் பெட்டியைத் தேடுகிறான். கடைசியில் பெட்டி 'பென்'னுக்குள் இருந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் எழுதுகோலையும் குறிக்கும், குழந்தையை விளையாட விடும் தடுப்பையும் குறிக்கும். எழுதுகோலுக்குள் பெட்டி நுழையாது என்பது நமக்குத் தெரியும். இலக்கணத்துக்குத் தெரியாது. பொருள்களின் அளவு, உலக நடப்பு எல்லாவற்றையும் கணினிக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்றார் அவர். 1966இல் அமெரிக்க அரசு அமைத்த 'அல்பாக்' குழுவும் நம்பிக்கை இழந்த அறிக்கை கொடுத்தது. மொழிபெயர்ப்பு ஆய்வுக்கு வந்த பணம் பெருமளவு நின்றது.

டியூரிங் சோதனை இதில் எங்கே வருகிறது?

ஆலன் டியூரிங் 1950இல் 'மைண்ட்' இதழில் எழுதிய கட்டுரையில் வருகிறது. எழுத்து மூலம் உரையாடும்போது எதிரில் இருப்பது மனிதரா இயந்திரமா என்று கண்டுபிடிக்க முடியாமல் போனால், அது சிந்திக்கிறது என்று ஏற்கலாமா என்று கேட்டார். கேள்வி பெரியது. ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் எந்த நிரலை எழுதுவது என்று யாருக்கும் தெரியாது. அதனால் இந்தப் பக்கத்தில் அதை இத்துடன் விடுகிறேன்.

எலைசா உண்மையிலேயே மனிதர்களைப் புரிந்துகொண்டதா?

இல்லை. அதை எழுதியவரே இல்லை என்றுதான் கடைசிவரை சொன்னார்.

ஜோசப் வைசன்பாம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1936இல் நாஜி ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வெளியேறியவர். 1966இல் அவர் வெளியிட்ட எலைசா, தட்டச்சில் பேசும் ஒரு நிரல். அதன் புகழ்பெற்ற வடிவம் மனநல ஆலோசகர் மாதிரி நடந்துகொண்டது. உள்ளே நடந்தது எளிமையான வேலை. நீங்கள் எழுதும் வாக்கியத்தில் முக்கியமான சொல் ஒன்றைத் தேடும். 'அம்மா' என்று வந்தால் குடும்பத்தைப் பற்றிக் கேட்கும். 'நான்' என்பதை 'நீங்கள்' ஆக்கி, உங்கள் வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்பிக் கொடுக்கும். எந்தச் சொல்லும் சிக்காவிட்டால், "மேலே சொல்லுங்கள்" என்று சொல்லும். அல்லது நீங்கள் முன்பு சொன்ன ஒன்றை எடுத்து நீட்டும். அவ்வளவுதான்.

ஆனாலும் மக்கள் அதனிடம் மனம்விட்டுப் பேசினார்கள். வைசன்பாமின் செயலாளர், அந்த நிரல் உருவானதைப் பல மாதங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தவர், அதனோடு பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் கலங்கிப்போனார். 1976இல் அவர் எழுதிய நூல் முழுக்க இந்தக் கலக்கம்தான்: இயந்திரத்தால் முடியும் என்பதற்காகவே எல்லாவற்றையும் அதனிடம் கொடுத்துவிடலாமா?

எலைசாவை வெறும் தந்திரம் என்று தள்ளிவிடுவது சரியல்ல என்று நினைக்கிறேன். புரிந்துகொள்ளும் வேலையின் பாதியைக் கேட்பவர்தான் செய்கிறார் என்பதை அது காட்டிவிட்டது. எதிரில் பேசும் ஒருவர் இருக்கிறார் என்று நம்பிவிட்டால், அவர் சொன்னதற்கு நாமே ஒரு நோக்கத்தைக் கற்பித்துக்கொள்கிறோம்.

அந்தக் காலத்தில் உண்மையாகவே 'புரிந்துகொண்ட' நிரல் ஏதாவது இருந்ததா?

சின்ன உலகத்துக்குள் இருந்தது. டெரி வினோகிராட் என்ற மாணவர் 1968 முதல் 1970 வரை எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்காக எழுதிய 'ஷ்ருட்லு' அதற்கு நல்ல சாட்சி. திரையில் ஒரு மேசை. மேசைமேல் வண்ணக் கட்டைகள், பிரமிடுகள், ஒரு பெட்டி. அவற்றைத் தூக்கி வைக்க ஒரு கை. எல்லாமே கணினிக்குள் இருக்கும் படங்கள்.

"ஒரு பெரிய சிவப்புக் கட்டையை எடு" என்றால் எடுக்கும். மேலே வேறு கட்டை இருந்தால் முதலில் அதை நகர்த்தி வைக்கும். "பிரமிடைப் பிடி" என்றால், எந்தப் பிரமிடு என்று புரியவில்லை என்று சொல்லும், ஏனென்றால் மேசையில் பல பிரமிடுகள். "நீ பிடித்திருப்பதைவிட உயரமான கட்டையைக் கண்டுபிடித்து, அதைப் பெட்டிக்குள் போடு" என்று சொன்னபோது, 'அது' என்றால் எந்தக் கட்டை என்று தான் எடுத்துக்கொண்டதைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் ஷ்ருட்லு காரணம் சொல்லும். அந்தக் காரணத்துக்கு என்ன காரணம் என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் "நீங்கள் சொன்னதால்" என்று நிற்கும். தன் செயலின் நோக்கம் அதற்குத் தெரிந்திருந்தது. நாம் எதற்காக அப்படிச் சொன்னோம் என்று அது ஒருபோதும் யோசிக்கவில்லை. கதை அடுத்துப் போக வேண்டிய இடம் அதுதான்.

பயனுள்ள வேலைக்கு யாரும் பயன்படுத்தவில்லையா?

பயன்படுத்தினார்கள். 1961இல் 'பேஸ்பால்' என்ற நிரல் அமெரிக்கப் பந்தாட்டப் பருவம் ஒன்றைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னது. 1971இல் வில்லியம் வுட்ஸ் குழுவின் 'லூனார்', அப்பல்லோ 11 கொண்டுவந்த நிலவுக் கற்களின் வேதியியல் தரவுகளைப் பற்றி அறிவியலாளர்கள் தங்கள் மொழியிலேயே கேட்க வழிசெய்தது. ஹூஸ்டனில் நடந்த மாநாட்டில் வந்த கேள்விகளில் 78 விழுக்காட்டுக்கு அப்படியே பதில் சொன்னது. சின்னப் பிழைகளைத் திருத்திய பிறகு 90 விழுக்காடு. தங்கள் துறையைப் பற்றி நேராகக் கேட்கும் நிபுணர்கள் என்பதால் இது முடிந்தது.

உலக அறிவு வேண்டும் என்றார்களே, அதை எப்படிக் கொடுத்தார்கள்?

யேல் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஷாங்க், ராபர்ட் ஏபல்சன் இருவரும் 1977இல் 'ஸ்கிரிப்ட்' என்ற வழியை முன்வைத்தார்கள். அன்றாட நிகழ்வுகளுக்கு ஒரு வரிசை உண்டு. உணவகம் என்றால் உள்ளே போவது, உட்காருவது, பட்டியலைப் பார்ப்பது, சொல்வது, சாப்பிடுவது, பணம் கொடுப்பது, வெளியேறுவது. இந்த வரிசை கணினியிடம் இருந்தால், "ராமு உணவகத்துக்குப் போனார். இறால் கேட்டார். பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்" என்ற கதையைப் படித்துவிட்டு, அவர் இறாலைச் சாப்பிட்டார் என்று தானே சொல்லும். கதையில் அந்த வரியே கிடையாது.

சரி, இதைத் தேக்கா உணவங்காடி நிலையத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். முதலில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடிக்கிறோம். அப்புறம் கடை கடையாகப் பார்க்கிறோம். பணம் கொடுத்த பிறகுதான் சாப்பாடு கைக்கு வருகிறது. சாப்பிட்டு முடித்தால் தட்டை நாமே திருப்பி வைக்கிறோம். "மாலா டிஷ்யூவை வைத்துவிட்டுப் பிரியாணிக் கடைக்குப் போனாள்" என்ற வரியை யேல் கணினி படித்திருந்தால், மாலா டிஷ்யூவை மறந்துவிட்டாள் என்று நினைத்திருக்கும். அந்த வரிசையை எழுதியவர்கள் எந்த ஊரில் சாப்பிட்டார்களோ அந்த ஊர்தான் அதற்குள் இருக்கும். இன்றைய இயந்திரங்களைப் பார்க்கும்போதும் நான் முதலில் கேட்கும் கேள்வி இது.

'பேசுபவரின் நோக்கம்' என்று தனியாக ஏன் சொல்ல வேண்டும்? வாக்கியத்தின் பொருள் தெரிந்தால் போதாதா?

போதாது. நண்பகலில் வீட்டுக்கு வந்த விருந்தாளி, "அப்பா, என்ன வெயில்!" என்று சொல்லிக்கொண்டே உட்காருகிறார். வானிலை அறிக்கையாக அதை எடுத்துக்கொண்டு, "ஆமாம், 33 பாகை" என்று பதில் சொல்வோமா? மின்விசிறியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போவோம். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா "சாப்பிட்டாச்சா?" என்கிறார். என்ன சாப்பிட்டோம் என்ற பட்டியலை அவர் எதிர்பார்க்கவில்லை. ஈரச் சந்தையில் "அண்ணே, வவ்வால் மீன் இருக்கா?" என்று கேட்பவரிடம் "இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்காரர் திரும்பிக்கொண்டால் வியாபாரம் நடக்குமா?

இதை ஒழுங்காக ஆராய்ந்தவர்கள் முதலில் தத்துவ அறிஞர்கள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜே.எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், பேசுவது என்பதே ஒரு செயல் என்றார். வாக்குக் கொடுப்பது, பந்தயம் கட்டுவது, மன்னிப்புக் கேட்பது எல்லாம் சொல்வதன் மூலம் செய்யப்படும் செயல்கள். அவர் இறந்தபின் 1962இல் அது நூலாக வந்தது. ஜான் சர்ல் 1969இல் அதை விரிவாக்கினார். கேள்வி வடிவில் வரும் வேண்டுகோள்களை 1975இல் தனியாக ஆராய்ந்தார். "உப்பை எட்ட முடியுமா?" என்பது கையின் நீளத்தைப் பற்றிய கேள்வி அல்லவே.

பால் கிரைஸ் இன்னொரு பக்கம் போனார். ஒருவர் ஒன்றைச் சொல்லும்போது, தன் நோக்கத்தைக் கேட்பவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து நினைத்துத்தான் சொல்கிறார் என்று 1957இல் எழுதினார். பின்னர் உரையாடுபவர்கள் பரஸ்பரம் எதிர்பார்ப்பவற்றை நான்காகப் பிரித்தார்: தேவையான அளவு சொல்வது, உண்மையைச் சொல்வது, பொருத்தமாகச் சொல்வது, தெளிவாகச் சொல்வது. தத்துவப் பணிக்கு மாணவரைப் பரிந்துரைக்கச் சொன்னால், பேராசிரியர் "அவருடைய ஆங்கிலம் சிறப்பு, வகுப்புக்கு ஒழுங்காக வருவார்" என்று மட்டும் எழுதுகிறார். எழுதாமல் விட்டதைப் படிப்பவர் புரிந்துகொள்கிறார்.

தத்துவ அறிஞர் சொன்னதை எப்படி நிரலாக எழுத முடியும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

1971இல் கலிஃபோர்னியாவில் உள்ள எஸ்ஆர்ஐ ஆய்வகத்தில் ரோபோக்களுக்காக 'ஸ்ட்ரிப்ஸ்' என்ற திட்டமிடும் முறை உருவானது. ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு விஷயங்களை எழுதி வைப்பார்கள்: அதைச் செய்ய முன்னால் என்ன இருக்க வேண்டும், செய்தபின் என்ன மாறும். கதவு வழியே போக வேண்டுமா? கதவு திறந்திருக்க வேண்டும். போனபின் ரோபோ அடுத்த அறையில் இருக்கும். இப்படிச் செயல்களைக் கோர்த்து இலக்கை அடைவதுதான் திட்டம்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ரே பெரோ, அவருடைய மாணவர்கள் ஃபில் கோஹன், ஜேம்ஸ் ஆலன் ஆகியோர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பேச்சும் செயல் என்றால், அதற்கும் இதே போல் முன்தேவையையும் விளைவையும் எழுதலாமே! ஒருவரிடம் ஒரு விவரத்தைக் கேட்க வேண்டுமென்றால், அவருக்கு அது தெரியும் என்று நான் நம்ப வேண்டும். கேட்டபின் விளைவு: எனக்கு அது தெரிய வேண்டும் என்ற என் விருப்பத்தை அவர் அறிகிறார். கோஹனும் பெரோவும் 1979இல் இந்தக் கோட்பாட்டை வெளியிட்டார்கள். அதைப் பயன்படுத்திக் கணினி என்ன பேசலாம் என்று திட்டமிட முடிந்தது.

ஜேம்ஸ் ஆலன் அதைத் தலைகீழாக்கினார். நாம் பேசுவதைக் கேட்டு, இதைச் சொல்பவர் எந்தத் திட்டத்தின் நடுவில் நிற்கிறார் என்று கணினி ஊகிக்க வேண்டும். 1979இல் அவருடைய முனைவர் ஆய்வு, 1980இல் பெரோவுடன் எழுதிய கட்டுரை. அவர்கள் எடுத்துக்கொண்ட களம் ரயில் நிலையத்தின் தகவல் சாவடி. அங்கே வருபவருக்கு இரண்டே நோக்கங்கள்தான் என்று வைத்துக்கொண்டார்கள்: ரயிலில் ஏறுவது, அல்லது ரயிலில் வருபவரைச் சந்திப்பது.

பயணி கேட்கிறார்: "மாண்ட்ரியல் ரயில் எப்போது புறப்படும்?" ஊழியர் சொல்கிறார்: "3:15க்கு, 7ஆம் வாயிலில்." வாயிலைப் பயணி கேட்கவில்லை. ஊழியர் ஏன் சொன்னார்? புறப்படும் நேரத்தைக் கேட்பதால் இவர் ஏறப் போகிறவர். ஏறுவதற்கு நேரமும் தெரிய வேண்டும், இடமும் தெரிய வேண்டும். இடம் இவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அது இவருடைய திட்டத்தில் ஒரு தடை. ஆகவே அதையும் சேர்த்துச் சொல்லிவிடு. இன்னொருவர் "விண்ட்சர் போகும் 3:15 ரயில்?" என்று மட்டும் கேட்கிறார். வினைச்சொல்லே இல்லை. பதில்: "10ஆம் வாயில்." முழு வாக்கியம் இல்லாவிட்டாலும், கேட்பவரின் திட்டம் தெரிந்தால் குறையை நிரப்பிக்கொள்ளலாம்.

நம் ஊரில் இதைவிடக் கடினமான ஒரு சோதனை தினமும் நடக்கிறது. தோபி காட் நிலையத்தில் ஒரு பாட்டி ஊழியரிடம், "தம்பி, ஜூரோங் ஈஸ்ட் ரயில் எங்கே?" என்று கேட்கிறார். வடக்கு–தெற்குத் தடத்தில் 'ஜூரோங் ஈஸ்ட்' என்றே பலகை போட்ட தளம் ஒன்று உண்டு. அதைக் காட்டினால் பதில் சரி. ஆனால் அந்த ரயில் வடக்கே உட்லண்ட்ஸ் வரை சுற்றிக்கொண்டு போகும்; ஏறக்குறைய ஒரு மணி நேரம். எதிர்த்திசையில் ஒரு நிறுத்தம் போய், சிட்டி ஹாலில் கிழக்கு–மேற்குத் தடத்துக்கு மாறினால் அதில் ஏறத்தாழ பாதி நேரம்தான். அதனால் விவரம் தெரிந்த ஊழியர், "பாட்டி, இதில ஏறாதீங்க, அந்தப் பக்கம் போங்க" என்கிறார்.

ஆலனின் முறைப்படி இதைப் பிரித்துப் பார்க்கலாம். கேட்டது: ரயில் இருக்கும் இடம். அது எதற்கு? ஏறுவதற்கு. ஏறுவது எதற்கு? ஜூரோங் ஈஸ்ட் போய்ச் சேர்வதற்கு. சேர்வதற்கு வேறு நல்ல வழி இருக்கிறதா? இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதற்கு மேலே உள்ள இலக்குக்குப் பதில் சொல்வதுதான் இங்கே உதவி. இரண்டு ரயிலும் மாறும் அளவுக்குப் பாட்டிக்குக் காலில் வலு இருக்கிறதா என்றும் ஊழியர் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். அந்த இடத்தை ஆலனின் நிரல் தொடவில்லை.

கேட்டதற்கு மட்டும் சரியாகப் பதில் சொன்னால் என்ன தப்பு?

சில நேரம் சரியான பதிலே ஏமாற்றிவிடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு கப்ளான் 1979இல் முடித்த ஆய்வு இதைப் பற்றியது. "இந்தப் பருவத்தில் இந்தப் பாடத்தில் தோற்றவர்கள் யார்?" என்று தரவுத்தளத்தைக் கேட்கிறீர்கள். "யாருமில்லை" என்று வருகிறது. மகிழ்ச்சியடைகிறீர்கள். உண்மையில் அந்தப் பருவத்தில் அந்தப் பாடமே நடக்கவில்லை. கேள்வியின் அடியில் ஒளிந்திருக்கும் தவறான நம்பிக்கையைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும் என்பது கப்ளான் எழுதிய நிரலின் நோக்கம். இந்த ஒழுக்கம் இன்றைய பல இயந்திரங்களுக்கு இன்னும் கைவரவில்லை.

நீண்ட உரையாடலை எப்படிச் சமாளித்தார்கள்?

பார்பரா கிரோஸ் 1977இல் இதற்கு வழி காட்டினார். ஒரு நிபுணரும் ஒரு பயிற்சியாளரும் சேர்ந்து காற்றழுத்த இயந்திரம் ஒன்றைப் பாகம் பாகமாகப் பொருத்தும்போது பேசிக்கொண்டதைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். வேலை எப்படிப் பிரிந்ததோ அப்படியே பேச்சும் பிரிந்தது. ஒரு துணைவேலை முடிந்ததும் அதன் பொருள்கள் பேச்சைவிட்டு விலகின. முழு வேலையும் முடிந்தபோது, நெடுநேரம் முன்னால் பேசிய இயந்திரத்தையே 'அது' என்று சொன்னார்கள், குழப்பமே வரவில்லை. அடுத்தடுத்த வாக்கியங்களை மட்டும் பார்த்தால் இந்த 'அது' பிடிபடாது. கேண்டஸ் சிட்னருடன் அவர் 1986இல் எழுதிய கட்டுரை, உரையாடலை மூன்று அடுக்காகப் பார்க்கச் சொன்னது: சொற்கள், நோக்கங்கள், அந்தக் கணத்தில் கவனத்தில் இருப்பவை. மூன்றில் நோக்கங்களே எலும்புக்கூடு என்பது அவர்கள் வாதம்.

குரலைப் புரிந்துகொள்ளும் ஆய்வு எப்போது வந்தது? இதில் நம் பக்கத்து ஆட்கள் யாராவது உண்டா?

உண்டு. ராஜ் ரெட்டி. சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில் 1937இல் பிறந்து, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்றவர். 1970களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவர் வழிநடத்திய குழு, அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிதியில் 'ஹியர்சே', 'ஹார்ப்பி' என்ற பேச்சறி அமைப்புகளை உருவாக்கியது. 1976இல் ஹார்ப்பி 1,011 சொற்களை அறிந்திருந்தது. 1994இல் கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. ஒலியைச் சொல்லாக்குவது ஒரு வேலை, சொல்லின் நோக்கத்தைப் பிடிப்பது வேறு வேலை. ஆனாலும் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று தெரிந்தால்தான் ஒலியே தெளிவாகும் என்பதை இந்த அமைப்புகள் நிறுவின.

இவ்வளவு நல்ல யோசனைகள் ஏன் உடனே நம் கைக்கு வரவில்லை?

எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டியிருந்தது முதல் காரணம். ரயில் சாவடியில் இரண்டு நோக்கம். பலதுறை மருந்தகத்தின் முகப்பில் நின்று பாருங்கள், எத்தனை நோக்கத்தோடு ஆட்கள் வருகிறார்கள்! நோக்கங்கள் கூடக்கூட ஊகங்களின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகும். அன்றைய கணினிகளால் தாங்க முடியவில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஜெராக்ஸ் ஆய்வகத்தில் லூசி சுச்மன், மனிதர்கள் உதவிவசதியுள்ள நகலெடுக்கும் இயந்திரத்தோடு போராடுவதைப் படம்பிடித்து ஆராய்ந்து 1987இல் நூலாக எழுதினார். மனிதர்கள் திட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு வரிசையாக நடப்பதில்லை; சூழலைப் பார்த்துப் பார்த்து அடுத்த அடியை வைக்கிறார்கள் என்றார். இயந்திரமோ அவர்கள் தன் திட்டத்தில் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தது. சுச்மன் சொன்னது சரி. ஆனால் அதனால் ஆலனின் யோசனை பொய்யாகிவிடவில்லை. பாட்டிக்கு ஜூரோங் ஈஸ்ட் போக வேண்டும் என்பது நிலையானது; எந்தப் படிக்கட்டில் இறங்குவது என்பதுதான் போகப்போக முடிவாகிறது.

கையில் கிடைத்தது எளிய வழி ஒன்று. 1977இல் ஜெராக்ஸில் உருவான 'கஸ்', விமானப் பயண முகவர் போல் பேசும். எங்கே, எந்தத் தேதி, எந்த நேரம் என்று நிரப்ப வேண்டிய கட்டங்களை வைத்துக்கொண்டு கேட்கும். எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும் என்று கேட்டதற்கு, பயணி "காலை 10 மணிக்கு முன்னால் சான் டியகோவில் இருக்க வேண்டும்" என்று பதில் சொன்னாலும் புரிந்துகொண்டு, 9:15க்குப் போய்ச் சேரும் விமானத்தைக் காட்டியது. இன்று நாம் பேசும் வாடிக்கையாளர் சேவை இயந்திரங்கள் பலவற்றின் அடியில் இந்தக் கட்டங்கள்தான் இருக்கின்றன.

இப்போதைய செயற்கை நுண்ணறிவு வந்தபின் இதையெல்லாம் படிப்பது வீணா?

இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். சாட்ஜிபிடி போன்றவற்றின் அடியில் இருக்கும் இன்றைய பெரிய மொழி மாதிரிகளுக்கு யாரும் முன்தேவை, விளைவு என்று எழுதிக் கொடுப்பதில்லை. ஏராளமான எழுத்துகளிலிருந்து அவை கற்கின்றன. 'என்ன வெயில்' என்றால் தண்ணீர் கொடு என்று பல நேரம் சரியாகவே எடுத்துக்கொள்கின்றன. முன்னோர் கனவு கண்டது பெருமளவு நடந்துவிட்டது.

ஆனால் ஏன் அப்படி எடுத்துக்கொண்டது என்று ஆலனின் நிரலைத் திறந்து படி படியாகக் காட்டலாம். இன்றைய மாதிரியை அப்படித் திறந்து காட்டுவது கடினம். மருந்து, பணம், குடியேற்றம் போன்ற விஷயங்களில் ஒரு முதியவரின் நோக்கத்தை இயந்திரம் தவறாக ஊகித்தால் எங்கே தவறியது என்று தெரிய வேண்டாமா? அதை அளக்க நல்ல சோதனைகள் வேண்டும். அந்தச் சோதனைகளை எழுத உட்காருபவர் கிரைஸிடமும் கப்ளானிடமும் கிரோஸிடமும்தான் போய் நிற்பார்.

தமிழுக்கு, குறிப்பாக சிங்கப்பூர்த் தமிழுக்கு, இதில் என்ன நடந்திருக்கிறது?

முதலில் தமிழைத் திரையில் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி அதற்காக உழைத்த முன்னோடி. 1997இல் சிங்கப்பூரில் அவர் முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடு, பல நாட்டுத் தமிழ்க் கணினி ஆர்வலர்களை ஒரே அறையில் உட்காரவைத்தது. தேசியச் செயற்கை நுண்ணறிவுத் திட்டமான ஏஐ சிங்கப்பூர் 2023இல் வெளியிடத் தொடங்கிய 'சீ-லயன்' மொழி மாதிரிகள் தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. இரண்டுமே பெருமைக்குரியவை.

இன்னும் இல்லாதது, நம் பேச்சுக்கான பதிவு. அச்சில் இருக்கும் தமிழ் வேறு, அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் தாத்தாக்கள் பேசும் தமிழ் வேறு. மலாய், ஆங்கிலம், ஹொக்கியன் சொற்கள் கலந்து, பாதியில் நிறுத்தி, மீதியை எதிரில் இருப்பவரின் ஊகத்துக்கு விடும் பேச்சு அது. டொராண்டோ குழுவுக்கு ரயில் சாவடிப் பதிவுகள் கிடைத்தது போல, ஒப்புதலோடு பதிவுசெய்து, 'இவர் இதைச் சொன்னது எதற்காக' என்று குறித்துவைத்த சிங்கப்பூர்த் தமிழ் உரையாடல்கள் நமக்கு வேண்டும். அதைச் செய்ய இந்த ஊரை அறிந்த தமிழர்களே வேண்டும்.

நான் தொடக்கக் கல்லூரி மாணவன். கணினியில் கொஞ்சம் பைத்தான் தெரியும். எங்கே ஆரம்பிக்கலாம்?

தமிழ் எலைசா ஒன்றை எழுதுங்கள். ஆங்கிலத்தில் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் மாற்றினால் வேலை நடந்துவிடும். தமிழில் "நான் தேர்வை நினைத்துக் கவலைப்படுகிறேன்" என்பதைத் திருப்ப, 'நான்' என்பதை 'நீங்கள்' ஆக்கினால் மட்டும் போதாது. வினையின் வாலை வெட்டி 'கவலைப்படுகிறீர்கள்' என்று ஒட்ட வேண்டும், கேள்வியாக்க 'ஆ' சேர்க்க வேண்டும். "என் அம்மா திட்டினார்" என்றால் 'என்' மாறும், வினையின் வால் மாறக்கூடாது. பலர் 'நான்' என்பதையே விட்டுவிட்டு "கவலையா இருக்கேன்" என்றுதான் எழுதுவார்கள். அப்போது யார் கவலையில் இருக்கிறார் என்பதை வினையிலிருந்துதான் எடுக்க வேண்டும். பேச்சு வடிவங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது ஓட ஆரம்பித்ததும் வீட்டில் இருப்பவர்களிடம் கொடுத்து, அது எந்த வாக்கியத்தில் தடுமாறுகிறது என்று எழுதிவையுங்கள். அப்புறம் ஆலனின் வழிக்கு வாருங்கள்: ஐந்து எம்ஆர்டி நிலையங்கள், இரண்டு தடங்கள், 'அங்கே போய்ச் சேர வேண்டும்' என்ற ஒரே நோக்கம். கேட்கப்படாத எந்த விவரத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதை உங்கள் நிரல் தானே முடிவுசெய்யும்படி எழுதிப் பாருங்கள். 1980ஆம் ஆண்டுக் கட்டுரை அதற்குப் பிறகு கையில் எடுத்தால் எளிதாகப் புரியும்.